யாருடைய இலையில் நெய்?

அன்னை பரிமாறும் சோற்றின் மேல் ஒரு கரண்டி நெய் விழுந்தால்தான் அது விருந்து என்று எண்ணியவர்கள் நம் முன்னோர். பருப்பும் நெய்யும் இல்லாத திருமணப் பந்தி நம் நாட்டில் இல்லை. பிள்ளை பெற்ற தாய்க்கு மருந்தோடு நெய்; குழந்தைக்கு முதன்முதலாக ஊட்டும் பருப்புச் சோற்றிலும் நெய். ஆயினும், அந்த நெய் எவ்வளவு கிடைத்தது, யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்னும் வினாக்களை நாம் எழுப்புவது அரிது. கடந்த முக்கால் நூற்றாண்டில் இந்திய இல்லங்களின் அடுக்களையில் கொழுப்புச் சத்து வந்து சேரும் வழி முற்றிலும் மாறிவிட்டது. அம்மாற்றம் நம் உடல்நலத்தையும், நம் குழந்தைகளின் வளர்ச்சியையும், ஏழை அயலாரோடு நாம் கொண்டிருந்த உறவையும் தொட்டிருக்கிறது. எனவே அதனைச் சற்று ஆராய்வது நம் குடும்பங்களுக்குப் பயன் தருமென நம்புகிறோம்.

பாலும் மோரும் பிரிந்த கதை

பால் சில மணி நேரத்தில் கெட்டுவிடும் பொருள். குளிர்ப்பெட்டியும் தொடர்வண்டியும் இல்லாத காலத்தில், ஊரில் கறந்த பாலை நகருக்குக் கொண்டுசெல்ல வழியில்லை. ஆகையால் பாலை உறையூற்றித் தயிராக்கினர்; தயிரை மத்தினால் கடைந்து வெண்ணெய் எடுத்தனர்; வெண்ணெயை உருக்கி நெய்யாக்கினர். வெண்ணெயில் நூற்றுக்கு எண்பது பங்கே கொழுப்பு. எஞ்சியதில் பெரும்பகுதி நீர். அந்த நீரே அதனை விரைவில் கெடச் செய்கிறது. உருக்கும்போது நீர் ஆவியாகிவிடுவதால் நெய்யில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் கொழுப்பே நிற்கும். ஒருபிடி முருங்கையிலையைப் போட்டு, பதம் பார்த்து இறக்கிய நெய் மாதக்கணக்கில் கெடாது. வெயில் மிகுந்த நம் நாட்டில் பாலின் சாரத்தைச் சேமித்து வைக்க நம் மூதாட்டியர் கண்ட வழி இது.

ஒரு கிலோ நெய் எடுக்க எருமைப்பால் ஏறக்குறைய பதினைந்து லிட்டர் வேண்டும். பசும்பாலாயின் இருபத்தைந்து லிட்டர் வரை வேண்டும். ஆகவே நெய் என்றும் விலையுயர்ந்த பொருளாகவே இருந்தது. ஆனால் நெய் எடுத்தபின் எஞ்சும் மோர்? அதனைத் தொலைவுக்கு எடுத்துச் செல்ல இயலாது. அது ஊரிலேயே தங்கியது. பாலில் உள்ள புரதமும் சுண்ணாம்புச் சத்தும் பெரும்பாலும் அந்த மோரில்தான் இருந்தன.

ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பெரும்பாணாற்றுப்படையில் உருத்திரங்கண்ணனார் ஓர் ஆயர் குலப் பெண்ணைக் காட்டுகிறார். அவள் விடியலில் தயிர் கடைந்து, மோரை விற்று, அதற்கு ஈடாகப் பெற்ற தானியத்தால் தன் சுற்றத்தாரை உண்பிக்கிறாள். நெய்யின் விலைக்கோ அவள் பொன்னைப் பெற்றுக்கொள்வதில்லை. எருமையையும் பசுவையும் கன்றையுமே பெறுகிறாள். மோர் வயிற்றுக்கு, நெய் முதலீட்டுக்கு என்று அவள் வகுத்திருந்த கணக்கு இன்றைய பொருளியல் அறிஞரும் வியக்கத்தக்கது.

இவ்வழக்கம் அண்மைக் காலம் வரை நம் சிற்றூர்களில் நிலைத்திருந்தது. மாடு வைத்திருந்த வீட்டில் நெய்யை விற்றனர். மோரை அண்டை வீட்டாருக்கும் கூலி வேலை செய்வோருக்கும் விலையின்றி ஊற்றினர். மோருக்குக் காசு வாங்குவது இழுக்கு எனக் கருதப்பட்டது. பசுவில்லாத ஏழையின் பழைய சோற்றுக்கும் இவ்வாறு பாலின் சத்து ஓரளவு சென்று சேர்ந்தது. நெய் செல்வர் இலைக்குப் போயிற்று என்பது மெய்யே. ஆனால் மோர் ஏழையின் கலயத்திற்கு வந்தது.

டப்பாவில் வந்த நெய்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நெய்யின் இடத்தைப் பிடிக்க ஒரு புதுப்பொருள் வந்தது. நீர்த்த தாவர எண்ணெயில் நிக்கல் உலோகத்தின் துணையோடு ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால், அது நெய்யைப்போல் உறைந்து வெண்மையாக நிற்கும். இதுவே வனஸ்பதி. முதலில் ஹாலந்திலிருந்து இறக்குமதியான இது, பின்னர் பம்பாயில் உற்பத்தி செய்யப்பட்டு, 1937இல் ‘டால்டா’ என்னும் பெயரோடு விற்பனைக்கு வந்தது. மஞ்சள் டப்பாவும் அதன்மேல் பச்சைப் பனைமரமும் விரைவில் இந்திய அடுக்களைகளில் இடம்பெற்றன. நாளடைவில் எந்த நிறுவனம் செய்த வனஸ்பதியானாலும் அதனை டால்டா என்றே மக்கள் அழைத்தனர்.

நெய் வாங்க வசதியில்லாத நடுத்தரக் குடும்பங்களுக்கு இது வரமாகத் தோன்றியது. ஆனால் வணிகத்தில் ஒரு தீமையும் உடன் வந்தது. நெய்யோடு வனஸ்பதியைக் கலந்து விற்பது எளிதாயிற்று. காந்தியடிகள் இக்கலப்படத்தைக் கண்டித்து எழுதினார். கலப்படத்தைக் கண்டறிய அரசு ஒரு வழி கண்டது: வனஸ்பதியில் நூற்றுக்கு ஐந்து பங்கு நல்லெண்ணெய் சேர்க்கப்பட வேண்டும் எனச் சட்டம் கட்டாயப்படுத்தியது. நல்லெண்ணெயில் உள்ள ஒரு பொருள், சில வேதிப்பொருள்களோடு சேரும்போது செந்நிறம் காட்டும். எனவே ஐயத்திற்குரிய நெய்யைச் சோதித்துச் சிவந்தால், அதில் வனஸ்பதி கலந்திருக்கிறது என்று அறியலாம்.

நிறத்தால் காட்டிக்கொடுக்காத வேறொரு கேடும் வனஸ்பதிக்குள் ஒளிந்திருந்தது. எண்ணெய் உறையும்போது அதன் கொழுப்பு மூலக்கூறுகளில் ஒரு பகுதி வடிவம் மாறிவிடுகிறது. ‘டிரான்ஸ் கொழுப்பு’ எனப்படும் இது, குருதியில் தீய கொலஸ்டிராலை உயர்த்தி, நல்ல கொலஸ்டிராலைக் குறைக்கிறது. இதய நோய்க்கு வழி வகுக்கிறது. 1990களில் இவ்வுண்மை உலகெங்கும் ஏற்கப்பட்டது. நம் நாட்டில் எண்ணெய், வனஸ்பதி முதலியவற்றில் டிரான்ஸ் கொழுப்பின் அளவு 2021இல் நூற்றுக்கு மூன்று பங்காகவும், 2022 சனவரி முதல் இரண்டு பங்காகவும் வரையறுக்கப்பட்டது. ஏழைகளின் நெய் என்று அரை நூற்றாண்டுக்கு மேலாகப் போற்றப்பட்ட ஒரு பொருள், அந்த ஏழைகளின் இதயத்திற்கே தீங்கு செய்து வந்தது என்பது வருந்தத்தக்க செய்தியாகும்.

நன்கொடை வெண்ணெயும் வெண்மைப் புரட்சியும்

1950-51இல் நாடு முழுவதும் கறந்த பால் ஏறக்குறைய 1.7 கோடி டன். அதனை மக்கள் தொகையால் வகுத்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 130 கிராம் அளவே. அந்நாள்களில் நம் பங்குகளிலும் பள்ளிகளிலும் மூத்தோர் கண்ட ஒரு காட்சி உண்டு. அமெரிக்க மக்கள் அனுப்பிய பால்மாவும் கோதுமை நொய்யும் சமையல் எண்ணெயும் கத்தோலிக்க நிவாரணச் சேவை போன்ற அமைப்புகளின் வழியாக ஏழைப் பிள்ளைகளுக்கு வழங்கப்பட்டன. கரைத்த பால்மாவின் மணம் இன்றும் பலர் நினைவில் நிற்கும். பசித்தோர்க்கு உணவளித்தது அரும்பணியே. எனினும் பிறர் நன்கொடையை நம்பி ஒரு நாடு என்றும் வாழ இயலாது.

1946இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில், திரிபுவன்தாஸ் பட்டேலின் தலைமையில் சிற்றுழவர் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். 1949இல் ஆனந்த் நகருக்கு வந்து சேர்ந்த டாக்டர் வர்கீஸ் குரியன் அச்சங்கத்தின் உயிர்நாடியானார். கோழிக்கோட்டில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த அவர், உழவர் தாமே தம் பாலைப் பதப்படுத்தி விற்கவேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். எருமைப்பாலிலிருந்து பால்மாவு செய்ய இயலாது என்று பிறநாட்டு வல்லுநர் கூறிவந்தனர். அவருடைய தோழர் தலாயா என்பார் 1955ஆம் ஆண்டளவில் அதனைச் செய்து காட்டினார். ‘அமுல்’ வெண்ணெய் நகரங்களை எட்டியதும் அக்காலத்தில்தான்.

1970இல் ‘வெள்ளப் பெருக்குத் திட்டம்’ எனப்படும் வெண்மைப் புரட்சி தொடங்கிற்று. ஐரோப்பிய நாடுகளில் அப்போது வெண்ணெய் மலைபோல் தேங்கிக் கிடந்தது. அதனை இலவசமாகப் பெற்று மக்களுக்கு அப்படியே வழங்கியிருந்தால், நம் உழவரின் பாலுக்கு விலையில்லாமற் போயிருக்கும். குரியன் வேறு வழி கண்டார். உலக உணவுத் திட்டத்தின் வாயிலாகக் கிடைத்த 1,26,000 டன் கொழுப்பு நீக்கிய பால்மாவும் 42,000 டன் வெண்ணெய்க் கொழுப்பும் நீரோடு சேர்த்து மீண்டும் பாலாக்கப்பட்டன. பம்பாய், டில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் விலைக்கு விற்கப்பட்டன. வந்த பணம் ஊர்தோறும் கூட்டுறவுச் சங்கங்களையும் குளிர்நிலையங்களையும் அமைக்கச் செலவாயிற்று. நன்கொடையை உண்டு தீர்க்காமல் விதையாக்கிய திட்டம் அது. 1996இல் அத்திட்டம் நிறைவுற்றது. இரண்டே ஆண்டுகளில், 1998இல், பால் உற்பத்தியில் இந்தியா உலகின் முதலிடத்தை அடைந்தது. 2023-24இல் நாட்டின் பால் உற்பத்தி 23.9 கோடி டன். ஆளுக்கு நாளொன்றுக்கு 471 கிராம்.

பால் பெருகவே வெண்ணெயும் நெய்யும் பெருகின. பால்பண்ணையில் சேரும் பாலில் உள்ள கொழுப்பு, பாக்கெட்டின் வகைக்கேற்ப அளவு செய்யப்படுகிறது. நாம் வாங்கும் ‘டோன்ட்’ பாலில் கொழுப்பு நூற்றுக்கு மூன்று பங்கே. எருமைப்பாலில் ஆறு, ஏழு பங்கு உண்டு. இவ்வாறு மிஞ்சும் கொழுப்பே வெண்ணெயாகவும் நெய்யாகவும் கடைக்கு வருகிறது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் கணிப்பின்படி, இந்தியாவில் ஆண்டொன்றுக்கு ஆகும் வெண்ணெயும் நெய்யும் சேர்ந்து 60 இலட்சம் டன்னுக்கு மேல். உலகில் வேறெந்த நாடும் இவ்வளவு செய்வதுமில்லை, உண்பதுமில்லை. தலைக்கு வகுத்தால் நாளொன்றுக்குப் பன்னிரண்டு கிராமுக்குக் குறையாது.

சராசரி என்னும் திரை

ஆனால் சராசரி என்பது ஒரு திரை. ஒருவர் இரண்டு இட்டிலி உண்டு மற்றவர் பட்டினி கிடந்தாலும், கணக்கில் ஆளுக்கு ஓர் இட்டிலிதான். பஞ்சாபிலும் அரியானாவிலும் இராசஸ்தானிலும் நெய்யும் பாலும் அன்றாட உணவு. கிழக்கு மாநிலங்களிலோ பழங்குடி மக்கள் வாழும் மலைகளிலோ அவ்வாறில்லை. ஒரே ஊரிலும் மாடி வீட்டின் அளவு வேறு, குடிசையின் அளவு வேறு.

வெண்மைப் புரட்சியைக் குறை கூறியோர் எடுத்துக்காட்டியது இதனையே. முன்பு வீட்டிலேயே கடைந்தபோது மோர் ஊரில் தங்கிற்று. இப்போது விடியுமுன் பால் முழுவதும் சங்கத்தின் கேனுக்குப் போய்விடுகிறது. கொழுப்புக்கு ஏற்ப விலை கிடைப்பதால், வீட்டுக்கென நிறுத்திவைக்க மனம் வருவதில்லை. மாடு கறக்கும் வீட்டின் பிள்ளையே வெறும் தேநீர் அருந்திப் பள்ளிக்குச் செல்லும் நிலையும், முன்பு விலையின்றி மோர் பெற்ற அயல்வீட்டார் இன்று அதனைப் பாக்கெட்டில் விலைக்கு வாங்க வேண்டிய நிலையும் உண்டாயின. இதற்கு மறுமொழியும் உண்டு. பால் பணத்தால் பல்லாயிரம் குடும்பங்கள் கடனிலிருந்து மீண்டன, மாதம் தவறாத வருமானம் பெண்களின் கைக்கு வந்தது, பிள்ளைகள் படித்தனர். இரண்டும் உண்மையே. ஆகவே பால் விற்பதை நிறுத்துவது தீர்வன்று. விற்பதற்குமுன் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு குவளை ஒதுக்குவதே தீர்வு.

வளரும் குழந்தைக்குக் கொழுப்புச் சத்து இன்றியமையாதது. மூளையின் வளர்ச்சிக்கு அது வேண்டும். ஏ, டி, ஈ, கே ஆகிய உயிர்ச்சத்துகள் கொழுப்பின் துணையின்றி உடலில் சேரா. கீரையும் காரட்டும் கொடுத்தும் அவற்றோடு ஒரு துளி எண்ணெயோ நெய்யோ சேர்க்காவிடில் பயன் குறையும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொழுப்பைக் குறைக்கவே கூடாது என்பது மருத்துவர் அறிவுரை.

எண்ணெய் வெள்ளம்

நெய்யின் கதையைச் சொல்லும்போது எண்ணெயை மறக்கலாகாது. 1950களில் இந்தியர் ஒருவர் ஆண்டொன்றுக்கு உண்ட சமையல் எண்ணெய் சுமார் 3 கிலோ. இன்று அது 19 கிலோவைத் தாண்டிவிட்டது. ஆண்டுக்கு 12 கிலோ போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அறிவுரையாகச் சொல்லப்படும் அளவு. தேவையில் பாதிக்கு மேற்பட்ட எண்ணெயை நாம் பிறநாடுகளிலிருந்து வாங்குகிறோம். 1994இல் பாமாயில் இறக்குமதி தாராளமாக்கப்பட்டபின், இந்தோனேசியா, மலேசியா ஆகிய நாடுகளின் செம்பனைத் தோட்டங்கள் நம் கடாயோடு இணைந்துவிட்டன. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா ஏற்றுமதியை மூன்று வாரங்கள் நிறுத்தியபோது, நம் ஊர் வடைக்கடைக்காரரும் அதன் சுமையை உணர்ந்தார்.

ஆக, நெய் அரிதாயிருந்த நாட்டில் இன்று நெய்யும் எண்ணெயும் ஒருங்கே பெருகிவிட்டன. உடலுழைப்போ குறைந்துவிட்டது. முப்பது, நாற்பது வயதிலேயே மாரடைப்பால் தந்தையை இழக்கும் குடும்பங்களை நாம் நம் பங்குகளிலேயே காண்கிறோம். இதற்குப் புகையிலை, மது, நீரிழிவு, மிகை இரத்த அழுத்தம் எனக் காரணங்கள் பல. உணவும் அவற்றுள் ஒன்று.

நெய் நல்லதா, தீயதா என்று கேட்போருக்கு அளவே விடை. நெய்யில் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. நாம் பெறும் மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இவ்வகைக் கொழுப்பிலிருந்து வரலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு இது ஏறக்குறைய 22 கிராம். ஒரு மேசைக்கரண்டி நெய்யில் மட்டும் 9 கிராம் அளவு வந்துவிடும். பால், தேங்காய், இறைச்சி, பாமாயில் இவற்றிலும் இக்கொழுப்பு உண்டு. ஆகவே சோற்றில் ஒரு தேக்கரண்டி நெய் குற்றமன்று. நெய்த்தோசையும் நெய்ச்சோறும் இனிப்பும் ஒரே நாளில் சேர்வதே தீங்கு.

பின்லாந்து நாட்டின் வட கரேலியா மாகாணம் இதற்கொரு பாடம். அங்கு வெண்ணெய் மிகுந்த உணவும் புகைப்பழக்கமும் பரவியிருந்தன; நடுவயது ஆடவர் இதய நோயால் மிகுதியாக மாண்டனர். 1972இல் டாக்டர் பெக்கா புஸ்கா என்பவரின் தலைமையில் ஊர்தோறும் இல்லத்தரசியரைக் கூட்டி, உணவு முறையை மாற்றும் இயக்கம் தொடங்கிற்று. பால்பண்ணை உழவரின் எதிர்ப்பும் இருந்தது. ஆயினும் நாற்பது ஆண்டுகளில் நடுவயதினரின் இதய நோய்ச் சாவு நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் குறைந்தது. மருத்துவமனையில் அன்று, அடுக்களையில் தொடங்கிய வெற்றி அது.

திருச்சபையின் மரபும் நம் கடமையும்

வெண்ணெய்க்கும் திருச்சபை வரலாற்றுக்கும் தொடர்புண்டு. இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலத்தில் இறைச்சி மட்டுமன்றிப் பால், வெண்ணெய், முட்டை ஆகியவையும் விலக்கப்பட்டிருந்தன. ஒலிவ எண்ணெய் விளையும் தென்னாட்டாருக்கு இது எளிது; வெண்ணெயன்றி வேறறியாத வடநாட்டாருக்கோ கடினம். பிரான்சு நாட்டின் ரூவான் பேராலயத்தில் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் எழத் தொடங்கிய ஒரு கோபுரம் ‘வெண்ணெய்க் கோபுரம்’ என்றே பெயர் பெற்றது. தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண இசைவு பெற்றோர் அளித்த காணிக்கை அதற்கு உதவியதால் அப்பெயர். இன்று சுத்தபோசனம் இறைச்சியை மட்டுமே விலக்குகிறது. நெய்யும் பாலும் விலக்கப்படவில்லை. ஆயினும் பெரிய வெள்ளியன்று இறைச்சியை நீக்கிவிட்டு, நெய்யில் பொரித்த பலகாரங்களால் வயிற்றை நிரப்புவது ஒருசந்தியின் நோக்கமாகாது.

சாரிபாத்து ஊர்க் கைம்பெண்ணை நாம் அறிவோம். கலயத்தில் சிறிது எண்ணெயும் பானையில் ஒருபிடி மாவும் தவிர அவளிடம் வேறொன்றுமில்லை. அதனையும் இறைவாக்கினர் எலியாவோடு பகிர்ந்துகொண்டாள். பஞ்சம் தீருமட்டும் அவள் கலயம் வற்றவில்லை. கலயத்தை நிரப்பி வைத்துப் பூட்டியவளுக்கு அன்று, பகிர்ந்தவளுக்கே அவ்வருள் கிடைத்தது.

இதிலிருந்து நம் குடும்பங்கள் செய்யத்தக்கவை சில. மாதந்தோறும் வாங்கும் எண்ணெயையும் நெய்யையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். நால்வர் உள்ள வீட்டிற்கு இரண்டும் சேர்ந்து நான்கு கிலோவுக்கு மிகாதிருப்பது நன்று. பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சாதீர்கள். ஒரே எண்ணெயை நம்பாமல் நல்லெண்ணெய், கடலை எண்ணெய் என மாற்றிப் பயன்படுத்துங்கள். மலிவான நெய்யைக் கண்டால், பதினைந்து லிட்டர் பாலின் விலை என்ன என்று கணக்கிட்டு, அவ்விலைக்கு நெய் தர இயலுமா என எண்ணிப் பாருங்கள். மாடு வளர்ப்போர் முதல் குவளைப் பாலைத் தம் பிள்ளைக்கு அளித்தபின் எஞ்சியதை விற்கட்டும். பங்கின் அன்பியக் கூட்டங்களில், நம் தெருவில் பாலோ பருப்போ காணாத குழந்தை உண்டா என்று கேட்டறிவோம். தவக்காலத்தில் நெய்யையும் பலகாரத்தையும் குறைத்து மிச்சமாகும் பணத்தை, அத்தகைய ஒரு குழந்தையின் நாளொரு குவளைப் பாலுக்கு ஒதுக்குவோம்.

நம் நாட்டில் இன்று கொழுப்புச் சத்துக்குப் பஞ்சமில்லை. வேண்டியவருக்குக் குறைந்தும் வேண்டாதவருக்கு மிகுந்தும் அது பங்கிடப்படுகிறது. ஓரிலையில் வழிவதில் ஒரு கரண்டி அடுத்த இலைக்குப் போகுமாயின், இரண்டு வீடுகளும் நலம் பெறும். விண்ணகத் தந்தையிடம் நாள்தோறும் உணவு வேண்டும்போது, ‘எனக்கு’ என்று கேட்க நம் ஆண்டவர் கற்பிக்கவில்லை. ‘எங்களுக்கு’ என்றே கற்பித்தார். அந்தச் சொல்லுக்கு ஏற்ப நம் பந்தியை அமைத்துக்கொள்வோமாக.